20 அங்குல பிளேனருக்கு ஹெலிக்கல் கட்டர் ஹெட்: பழையதைக் கழற்றுவதிலிருந்து முதல் பலகை வரை

எந்திரம் தைவான் தயாரிப்பு, நான்கு தூண் வைத்த 20 அங்குல (508 மி.மீ.) திக்னெஸ் பிளேனர், அதாவது பலகையை ஒரே தடிமனுக்கு இழைக்கும் எந்திரம். 5 குதிரைத்திறன், 400 வோல்ட், மூன்று ஃபேஸ் மோட்டார். ஹெட்டில், அதாவது கத்தி பூட்டிச் சுழலும் உருளையில், ஹைஸ்பீடு ஸ்டீலில் மூன்று நேர் கத்திகள், வேகம் நிமிடத்துக்கு 5,000 சுற்று. அதை எடுத்துவிட்டு, இன்சர்ட் எனப்படும் சிறு கார்பைடு கத்திகளைச் சுருளாக அடுக்கிய ஹெலிக்கல் ஹெட்டை மாட்டுவதுதான் வேலை. இடம் சிங்கப்பூரின் சுங்கை காடுட் வட்டாரத்துப் பட்டறை. இழைப்பது பெரும்பாலும் பாலாவ் டெக்கிங், காப்பூர், மெரந்திச் சட்டம், அவ்வப்போது பழைய தேக்கு.

எந்திரத்தில் பழுது எதுவும் இல்லை. சிக்கல் மரத்தில்தான். பாலாவின் நார் பின்னிக்கொண்டு ஓடும். ஒரு விரல் அகலத்துக்கு இந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் அடுத்த விரல் அகலத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். பலகையை எந்த முனையிலிருந்து விட்டாலும் பாதி அகலத்தில் நேர் கத்தி எதிர்நாரில்தான் வெட்டும். அங்கே சிலாம்பு பெயர்ந்து குழி விழும். காப்பூர், வெள்ளை மெரந்தி, தேக்கு மூன்றிலும் சிலிக்கா வேறு கலந்திருக்கிறது. காலையில் சாணை பிடித்த கத்தி மாலையில் மழுங்கிப்போவது அதனால்தான். கார்பைடு இதைத் தாங்கும், ஹைஸ்பீடு ஸ்டீல் தாங்காது.

இரைச்சல் அடுத்த காரணம். மூன்று கத்தியும் 5,000 சுற்றும் சேர்ந்தால் நொடிக்கு 250 முறை முழு அகலக் கத்தி சிப் பிரேக்கரின் (ஹெட்டுக்கு முன்னால் மரத்தை அழுத்திச் சீவலை உடைக்கும் பட்டை) விளிம்பைக் கடக்கிறது. மரம் உள்ளே போகாதபோதே சைரன் போல ஊதுவது அந்தக் காற்றுதான். கிராஞ்சி டிம்மேக் போன்ற அடுக்குமாடித் தொழிற்கூடங்களில் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு நிறுவனம் இருக்கும். ஹெலிக்கல் ஹெட்டில் எந்தக் கணத்திலும் சில சிறு இன்சர்ட்கள் மட்டுமே விளிம்பைக் கடப்பதால் ஊதல் பெருமளவு அடங்கும். அதற்காகக் காதுக்கவசத்தைக் கழற்றிவிடக் கூடாது. சிங்கப்பூரின் 2011 இரைச்சல் விதிமுறைகளில் எட்டு மணி நேரத்துக்கான வரம்பு 85 டெசிபல். பாலாவை இழைக்கும்போது எந்த ஹெட்டானாலும் அளந்து பார்த்தபின்தான் பேச வேண்டும்.

ஹெட்டைத் தேர்ந்தெடுப்பது

கடையில் ‘ஸ்பைரல்’, ‘ஹெலிக்கல்’ இரண்டையும் ஒன்றாகவே சொல்லி விற்கிறார்கள். வாங்கும் முன் இன்சர்ட்டின் வெட்டு விளிம்பைப் பாருங்கள். இன்சர்ட்கள் சுருளாக அடுக்கப்பட்டிருந்தும் ஒவ்வொரு விளிம்பும் மரம் வரும் திசைக்குச் செங்குத்தாக நின்றால், அது நேர் கத்தியைத் துண்டு துண்டாக நறுக்கி வைத்ததற்குச் சமம். பராமரிப்பு எளிதாகும், சத்தம் குறையும், பின்னல் நாரில் பெரிய மாற்றம் தெரியாது. ஒவ்வொரு இன்சர்ட்டும் சற்றுச் சாய்ந்து நின்றால்தான் நாரைச் சரிவாகச் சீவும். சாய்ந்து நிற்கும் இன்சர்ட்டின் விளிம்பு நேர்கோடாக இருந்தால் அதன் மூலை மரத்தில் கோடு இழுக்கும். அதனால் நல்ல தயாரிப்புகளில் விளிம்பு மிக லேசாக வளைந்திருக்கும். எங்கள் பரிந்துரை சாய்ந்த இன்சர்ட் வைத்த ஹெட்தான். பாலாவ் இழைக்கும் பட்டறைக்கு மற்றது காசுக்குக் கேடு.

இந்த வேலைக்கு எடுத்தது 15 × 15 × 2.5 மி.மீ. நான்கு முனை கார்பைடு இன்சர்ட் 92 கொண்ட ஹெட். கூடவே உதிரியாக 10 இன்சர்ட்டும் 20 திருகும் வாங்கிக்கொள்வது நல்லது.

ஆர்டர் கொடுக்கும் முன் பழைய ஹெட்டில் எடுக்க வேண்டிய அளவுகள்: வெட்டு வட்டத்தின் விட்டம், அதாவது கத்தி முனையிலிருந்து எதிர்முனை வரை, உருளை உடலின் விட்டம் தனியாக, இரு பேரிங் அமரும் இடங்களின் விட்டமும் நீளமும், புல்லி சாவிக்காடி, பலகையை இழுக்கும் ஃபீட் ரோலர்களின் கியர்பாக்ஸை ஓட்டும் பல் இருக்கும் முனை, நட் இருந்தால் வலது மரையா இடது மரையா என்பது. வெட்டு வட்டம் பெரிதாகிவிட்டால் சிப் பிரேக்கரில் உரசும். மிகச் சிறிதானால் பிரஷர் பார் (ஹெட்டைத் தாண்டிய பலகையை அழுத்திப் பிடிக்கும் பட்டை) அதன் சரிசெய்யும் எல்லைக்குள் எட்டாமல் போகலாம். தயாரிப்பாளரிடம் சமநிலைச் சான்று ஜி2.5 தரத்துக்கு (சுழலும்போது எவ்வளவு அதிராமல் ஓடும் என்பதற்கான அளவுகோல்) கேளுங்கள். தர மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

செகண்ட்ஹேண்டாக வந்த எந்திரமானால் மோட்டார் பெயர்ப்பலகையையும் படிக்க வேண்டும். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1,720 சுற்று ஓடும். இங்கே 50 ஹெர்ட்ஸில் 1,430 பக்கம்தான். புல்லியை மாற்றாவிட்டால் 5,000 சுற்று ஹெட் 4,200க்குக் கீழே இறங்கிவிடும். ஃபீட் ரோலரும் ஹெட்டிலிருந்தே ஓடுவதால் வெட்டுத் தடங்களின் இடைவெளி மாறாது. அதனால்தான் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. வெட்டு வேகமும் ஒரு நாளில் தள்ளும் பலகையும்தான் குறையும். மோட்டார் புல்லியை 1.2 மடங்கு பெரிதாக்கினால் சரியாகிவிடும். பெல்ட் நீளத்தையும் மூடியில் இடம் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மின் இணைப்பில் கை வைக்க வேண்டியிருந்தால் உரிமம் பெற்ற மின் பணியாளரை அழைப்பதுதான் சட்டம்.

கழற்றுதல்

மெயின் ஐசொலேட்டரை (மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் சுவிட்ச்) அணைத்து, பூட்டுப் போட்டு, அட்டை மாட்டி, ஸ்டார்ட் பொத்தானை ஒருமுறை அழுத்தி உறுதிசெய்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். அடுத்த வேலை மூன்று கத்திகளையும் எடுத்துவிடுவது. கத்தியோடு ஹெட்டைத் தூக்கப்போய்க் கை கிழித்துக்கொண்டவர்கள் எல்லாப் பட்டறையிலும் உண்டு. கத்தியை எடுத்ததும் காடியில் இருக்கும் பிசின் கட்டியைச் சுரண்டிவிட்டால் ஹெட் வெளியே வரும்போது எங்கும் சிக்காது.

மேசையை இறக்கி, அதன்மேல் அரைவட்டமாக வெட்டிய இரண்டு மரத் தாங்கிகளை வையுங்கள். இந்த அளவு எஃகு உருளை நல்ல கனமாக இருக்கும். பேரிங் விட்டதும் அது மேசையில் விழுந்தால் மேசையும் போச்சு, ஹெட்டும் போச்சு. பெல்ட், புல்லி, செயின் மூடி, செயின் என்று வரிசையாகக் கழற்றி, ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்து வையுங்கள். செயின் இறுக்கியின் ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்பது மறக்கும் விஷயங்களில் முதலாவது. கியர்பாக்ஸ் எண்ணெயை வடித்துவிட்டே மூடியைத் திறக்க வேண்டும்; திரும்பப் போடும்போது புது ஆயில் சீலும் புது 80டபிள்யூ-90 கியர் ஆயிலும் போட்டுவிடுங்கள். பழைய சீலையே திரும்பப் போட்டால் எண்ணெய் ஹெட் பக்கம் கசியும். எண்ணெய் பட்ட மரத்தில் பாலிஷ் பிடிக்காது.

ஹெட்டை ஒரு பக்கமாகத் தட்டி எடுக்கையில் இரும்புச் சுத்தி வேண்டாம். பித்தளை உருளையோ கெட்டி மரத்துண்டோ வைத்துத் தட்டினால் மைய முனையின் மரை கெடாது.

பேரிங்

பழைய பேரிங் நன்றாக ஓடினாலும் திரும்பப் போடக் கூடாது. இந்த எந்திரத்தில் புல்லிப் பக்கம் 6206, மறுபக்கம் 6205, இரண்டும் இருபுறம் ரப்பர் மூடி வைத்தவை. உங்கள் எந்திரத்தில் எண் வேறாக இருக்கலாம், பேரிங்கின் பக்கத்தில் படித்துக்கொள்ளுங்கள். விலை பார்த்து மலிவானதைப் போடும் இடம் இது இல்லை. 5,000 சுற்றில் பேரிங்கின் ஆட்டம் அப்படியே பலகையில் அலையாகப் பதியும்.

தண்டில் ஏற்றும்போது அழுத்தம் உள்வளையத்தில் மட்டுமே விழ வேண்டும். உள்வளைய அளவுக்கு ஒரு குழாயை வெட்டி, முனையை நேராகக் கடைந்து வைத்துக்கொண்டால் போதும். வெளிவளையத்தில் ஓங்கி அடித்தால் குண்டுகள் ஓடும் தடத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் விழும். சில வாரங்களில் அது முனகத் தொடங்கும். இண்டக்‌ஷன் ஹீட்டர் இருந்தால் 80 டிகிரி போதும், அதைத் தாண்டினால் ரப்பரும் கிரீஸும் கெடும். கேஸ் தீயில் காட்டவே கூடாது.

ஒரு பக்க பேரிங்கை மட்டுமே நகராமல் பிடிக்க வேண்டும். மறுபக்கம் அதன் வீட்டுக்குள் சிறிது நகர இடம் இருக்க வேண்டும். ஓட்டத்தில் ஹெட் 40 டிகிரி சூடேறினால் அரை மீட்டர் எஃகு ஏறத்தாழ கால் மி.மீ. நீளும். இரண்டு மூடியையும் இறுக்கிப் பூட்டினால் அந்தக் கால் மி.மீ. பேரிங்கின்மேல்தான் ஏறும். மதியத்துக்குள் பேரிங் கையைச் சுடும் எந்திரங்களில் பலவற்றுக்குக் காரணம் இதுதான்.

ஹெட்டை மாட்டியதும் டயல் கேஜை (மயிரிழை ஆட்டத்தையும் முள்ளால் காட்டும் அளவி) உருளை உடலின்மேல் வைத்துக் கையால் சுழற்றுங்கள். 0.02 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. 0.05 காட்டினால் பேரிங் வீட்டுக்குள் துரு அல்லது பிசிறு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

இன்சர்ட்: முழு வேலையின் உயிர் இங்கே

பெரும்பாலான ஹெட்கள் இன்சர்ட் பூட்டியே வரும். அப்படியே ஓட்டலாம் என்பார்கள். ஒவ்வொன்றையும் கழற்றித் திரும்பப் பூட்டுவதே எங்கள் வழக்கம். தொழிற்சாலைத் துருத்தடுப்பு எண்ணெய் இருக்கையில் தங்கியிருக்கும், சிலவற்றில் கடைசல் பிசிறும் இருக்கும். இன்சர்ட்டின் கீழே 0.02 மி.மீ. தூசு மாட்டினால்கூட அந்த இன்சர்ட் அவ்வளவு உயர்ந்து நிற்கும். பலகையின் முழு நீளத்துக்கும் ஒரு கோடு விழும்.

ஓர் இருக்கைக்குச் செய்வது இது. டி25 டார்க்ஸ் (நட்சத்திர வடிவ) பிட்டால் திருகை எடுத்து, இன்சர்ட்டைத் தூக்கி, பித்தளை பிரஷால் இருக்கையின் அடிப்பக்கத்தையும் பின்சுவரையும் தேய்த்து, பஞ்சில் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காற்றடித்துவிட வேண்டும். பிறகு விரல்நகத்தை அடிப்பக்கத்தில் இழுத்துப் பாருங்கள். வெளிச்சத்தில் பளபளவென்று தெரிந்தாலும் மூலையில் நகம் தடுக்கும் இடங்கள் உண்டு. அங்கேதான் பிசிறு ஒளிந்திருக்கும். கூரான மரக்குச்சியால் அதை நெம்பி எடுத்துவிட்டு இன்சர்ட்டை வைத்தால், திருகு ஏறும் முன்பே அது அசையாமல் உட்காரும். விரலால் தட்டும்போது லேசாக ‘டிக்’ என்று ஆடினால் இன்னும் சுத்தமாகவில்லை.

திருகை முதலில் கையால் முழுக்க ஏற்றி, பின் டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) 5.5 முதல் 6 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். தயாரிப்பாளர் வேறு எண் கொடுத்திருந்தால் அதுவே சட்டம். மரையில் மெல்லிய எண்ணெய் ஒரு துளி தொட்டுத் துடைத்துவிட்டால் போதும். இருக்கையில் எண்ணெய் படக் கூடாது. மரையை ஒட்டிப் பிடிக்கும் லோட்டைட் பசை வேண்டவே வேண்டாம். அடுத்த முறை திருப்பும்போது டார்க்ஸ் தலை உருண்டுபோய், துளையிட்டு எடுக்க வேண்டிவரும். அதிகம் இறுக்கினால் கார்பைடு அந்த நேரத்தில் உடையாது. மயிரிழை விரிசல் விட்டு, ஓட்டத்தில் தெறிக்கும். அதனால்தான் ‘கைப்பதம் போதும்’ என்ற பேச்சுக்கு இந்த வேலையில் இடம் இல்லை.

எல்லா இன்சர்ட்டிலும் அடையாளப் புள்ளி ஒரே திசையில் இருக்கட்டும். பின்னால் திருப்பும்போது எது எந்த முனையில் நிற்கிறது என்ற குழப்பம் வராது.

மறுபடி அளந்து வைப்பது

ஹெட்டை மாற்றியவுடன் பலகை விட்டுப் பார்த்து, ‘இவ்வளவு செலவழித்தும் பழையபடிதான்’ என்று சலித்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பகுதியைத் தாண்டியவர்கள்.

நேர் கத்தியில் ஒரே விளிம்பு முழு அகலத்துக்கும் ஓடும், அளப்பது சுலபம். ஹெலிக்கல் ஹெட்டில் எந்தக் கோணத்திலும் அடிப்புள்ளியில் ஓரிரு இன்சர்ட்தான் நிற்கும். அதனால் இடக்கோடியில் ஒன்று, நடுவில் ஒன்று, வலக்கோடியில் ஒன்று என மூன்று இன்சர்ட்டைத் தேர்ந்து மார்க்கரால் குறியுங்கள். டயல் கேஜை மேசையில் நிறுத்தி, முதல் இன்சர்ட்டின் அடியில் வைத்து, ஹெட்டை முன்னும் பின்னும் ஆட்டினால் முள் ஓர் உச்சத்துக்குப் போய்த் திரும்பும். அந்த உச்சம்தான் வெட்டு வட்டத்தின் அடிப்புள்ளி. அங்கே பூஜ்யம் வைத்து மற்ற இரண்டையும் அதே முறையில் பாருங்கள். மேசையின் இடதும் வலதும் 0.05 மி.மீ.க்குமேல் வேறுபட்டால், தூண்களின் அடிச் செயினில் ஒரு பல்லை மாற்றியோ இணைப்பு நட்டைத் திருப்பியோ மேசையை இணையாக்க வேண்டும். இது முடியாமல் ரோலரைத் தொடாதீர்கள்.

அடுத்து ரோலர்கள், எல்லாம் அந்தப் பூஜ்யத்திலிருந்து. பலகையை உள்ளே இழுக்கும் இன்ஃபீட் ரோலரும் வெளியே தள்ளும் அவுட்ஃபீட் ரோலரும் வெட்டு வட்டத்துக்கு 0.5 மி.மீ. கீழே. சிப் பிரேக்கர் 0.5 முதல் 0.8 மி.மீ. கீழே. பிரஷர் பார் வெட்டு வட்டத்தோடு சமமாக. நால்வரில் மிக நுட்பமானது அதுதான்: சற்று இறங்கினால் பலகை அதில் முட்டி நின்றுவிடும், சற்று ஏறினால் ஹெட்டைத் தாண்டிய பலகை துள்ளி, அதிர்வுக் கோடுகள் விழும். மேசை ரோலர்கள் பாலாவ், தேக்கு போன்ற இழைத்த மரத்துக்கு மேசையைவிட 0.05 முதல் 0.1 மி.மீ. உயரம் போதும். அதைக் கூட்டினால் பலகையின் இரு முனையிலும் 5 செ.மீ. நீளத்துக்குப் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்துக்கு ஹெட்டைக் குறை சொல்வது வழக்கமாகிவிட்டது.

தூசி உறிஞ்சி

நேர் கத்தி நீளமான சீவலாகத் தள்ளும். ஹெலிக்கல் சிறு செதிலாகத் தள்ளும். மூட்டையில் குறைந்த இடம் பிடிக்கும், குழாயை அடைக்காது. ஆனால் உறிஞ்சு சக்தி குறைந்தால் அந்தச் செதில் ஹெட்டோடு சுற்றி வந்து அவுட்ஃபீட் ரோலரின் அடியில் மாட்டி, மென்மையான மெரந்தியில் அரிசி அளவுக் குழிகளை அழுத்தும். பலர் அதை இன்சர்ட் உடைந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். வித்தியாசம் சுலபம்: இன்சர்ட் உடைந்தால் தொடர்ச்சியான கோடு விழும். செதில் மாட்டினால் குழிகள் சிதறி விழும், தண்ணீர் தெளித்தால் ஓரளவு மேலெழும்பும். 125 மி.மீ. குழாயில் நொடிக்கு 20 மீட்டர் காற்று ஓட மணிக்கு ஏறத்தாழ 880 கனமீட்டர் வேண்டும். நெளிகுழாயை முடிந்தவரை குட்டையாக வையுங்கள்.

முதல் ஓட்டம்

கையால் இரண்டு முழுச் சுற்று. எங்கும் உரசல் இல்லையென்றால் பூட்டை எடுத்து, ஒரு கணம் மட்டும் தட்டிவிட்டுச் சுழலும் திசையைப் பாருங்கள். திசை தவறினால் ஃபேஸ் மாறியிருக்கிறது. பிறகு 15 நிமிடம் மரம் விடாமல் ஓட்டி, நிறுத்தி, பூட்டி, பேரிங் வீட்டைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு சரியில்லை. இந்த ஓட்டத்துக்குப் பின் எல்லாத் திருகையும் ஒருமுறை டார்க் ரெஞ்சால் சோதிக்க வேண்டும்.

முதல் மரமாக நல்ல மெரந்தி வைத்து அரை மி.மீ. எடுங்கள். கிளாம்ப் மீட்டரை (கம்பியைச் சுற்றி மாட்டி மின்னோட்டத்தை அளக்கும் கருவி) ஒரு ஃபேஸில் மாட்டி, பெயர்ப்பலகை ஆம்பியரோடு ஒப்பிட்டுக்கொண்டே ஆழத்தைக் கூட்டுங்கள். ஹெலிக்கல் ஹெட்டில் ஏதாவது ஓர் இன்சர்ட் எப்போதும் மரத்துக்குள்ளேயே இருக்கிறது, கார்பைடு விளிம்பும் புதுக் கத்தி அளவு கூர்மையானது இல்லை. அதனால் அதே ஆழத்துக்கு மோட்டார் கூடுதல் சுமை இழுக்கும். முழு அகல பாலாவில் பழைய ஹெட்டால் 2 மி.மீ. எடுத்தவர்கள் 1 மி.மீ.யோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஓவர்லோட் ரிலே விழுந்தால் அதன் அளவைக் கூட்டிவைப்பது தீர்வு ஆகாது, மோட்டார் எரிந்துவிடும்.

இழைத்த பலகையைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் நீளவாக்கில் மெல்லிய அலைகள் தெரியும். இன்சர்ட் விளிம்பின் வளைவு விடும் தடம் அது, குறை இல்லை. 120 காகிதத்தில் தொடங்கி 150, 180 எனத் தேய்த்தால் போய்விடும். சிலாம்பு ஆழமாகப் பெயராததால் மொத்தத் தேய்ப்பு வேலை குறையும். நேரான நார் உள்ள மரத்தை மட்டும், தேய்க்காமலே கொடுக்கும் பட்டறைக்கு நன்றாகத் தீட்டிய நேர் கத்தியின் முகமே மேல். அவர்கள் மாற்ற வேண்டியதில்லை.

அதன் பிறகு

ஒரு கோடு தெரிந்தால், பலகையில் அது இருக்கும் இடத்தை ஓரத்திலிருந்து அளந்து, ஹெட்டில் அதே தூரத்தில் உள்ள இன்சர்ட்களைப் பாருங்கள். மேடான கோடு என்றால் விளிம்பில் பல் போயிருக்கிறது, 90 டிகிரி திருப்புங்கள். பள்ளமான கோடு என்றால் இன்சர்ட் உயர்ந்து நிற்கிறது, கழற்றி இருக்கையைத் துடையுங்கள். ஒன்றைத் திருப்பினாலும் அந்த இருக்கையை முழுதாகச் சுத்தம் செய்த பிறகே பூட்ட வேண்டும். சிலிக்கா மரம் அதிகம் போகும் பட்டறையில் மழுங்கல் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் வரும். அப்போது 92ஐயும் சேர்த்துத் திருப்புவதுதான் முறை. டார்க்ஸ் குழி தேய்ந்த திருகை மறுபடி போடாதீர்கள்.

கெருயிங் மரத்தை இழைத்தால் அதன் பிசின் இன்சர்ட்டின் முதுகில் பழுப்பாகப் படியும், மழுங்கிவிட்டது என்று தோன்றும். கழற்றிப் பிசின் நீக்கியில் ஊறவைத்து நைலான் பிரஷால் தேய்த்தால் விளிம்பு திரும்பக் கிடைக்கும். பழைய தேக்கையும் பேலட் மரத்தையும் மெட்டல் டிடெக்டர் ஓட்டாமல் உள்ளே விடாதீர்கள். ஓர் ஆணி ஒரே சுற்றில் நான்கைந்து இன்சர்ட்டை உடைக்கும்.

இங்கே ஈரப்பதம் எப்போதும் உயரமே. வெள்ளி மாலை துடைக்காமல் விட்ட வார்ப்பிரும்பு மேசை திங்கள் காலை செம்பழுப்பாகிவிடும். பேஸ்ட் மெழுகு தேயுங்கள், ஆனால் சிலிக்கோன் கலந்தது வேண்டாம். அது மரத்தில் ஒட்டி, வார்னிஷில் மீன்கண் போலப் புள்ளி எழுப்பும். கழற்றிய பழைய ஹெட்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல், பேரிங் அமரும் இடங்களில் கிரீஸ் பூசி, எண்ணெய்க் காகிதம் சுற்றி, மூன்று கத்திகளோடும் அவற்றைக் காடியில் இறுக்கிப் பிடிக்கும் ஜிப்களோடும் பெட்டியில் வையுங்கள். புது ஹெட்டின் இருக்கை ஏதாவது விபத்தில் உடைந்து தயாரிப்பாளரிடம் போக நேர்ந்தால், எந்திரம் நிற்காமல் ஓட அதுதான் உதவும்.